நெல்லைக்கு வந்த கேபிள்: விலை குறைந்தது சரி, தேர்வு கிடைத்ததா?

மாதம் பிறந்தால் பால் காசு, பேப்பர் காசு, கேபிள் காசு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது நம்ம ஊர்ப் பழக்கம். முதல் இரண்டிலும் ஒரு வசதி உண்டு. பால் தண்ணியாக இருந்தால் அடுத்த மாதம் வேறு பால்காரர். பேப்பர் பிடிக்கவில்லையா, வேறு பேப்பர். கேபிளில் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. தெருவுக்கு ஒரு கேபிள்காரர்; அவர் தருகிற சேனல்; அவர் சொல்கிற காசு. ஏன் அப்படி ஆயிற்று? திருநெல்வேலியை நடுவில் வைத்து இந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம், நண்பர்களே. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் விலை பல தடவை குறைந்திருக்கிறது. ஆனால் விலை குறைவது வேறு, நமக்குத் தேர்வு கிடைப்பது வேறு.

மாதக் காசு இல்லாத காலம்

சென்னைக்கு டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். தெற்குச் சீமைக்கு அது வந்து சேர நாளானது. அதற்குள் 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. மொட்டை மாடியில் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, பூஸ்டர் போட்டு, தென்மாவட்டக்காரர்கள் ரூபவாஹினி பார்த்தார்கள். சிங்களம் புரியாவிட்டால் என்ன, படம் தெரிந்ததே :-) அந்த ஏற்பாட்டில் ஆன்டெனாவுக்கு ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். மாதாமாதம் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

தெருவுக்கு ஒருவர்

பிறகு வீடியோ டெக் காலம். ஒரு வீட்டில் டெக் வைத்துப் படம் போட்டு அக்கம்பக்கத்துக்கு வயர் இழுத்தவர்கள்தான் முதல் கேபிள்காரர்கள். 1991-இல் ஸ்டார் டிவி வந்ததும் அவர்களே டிஷ் வாங்கி வைத்தார்கள். 1993 தமிழ்ப் புத்தாண்டன்று, அதாவது ஏப்ரல் 14-இல், சன் டிவி தொடங்கியதும் கேபிள் இல்லாத வீடு ஏதோ குறைபட்ட வீடு மாதிரி ஆகிப்போனது.

1995-இல் மத்திய அரசு கேபிள் சட்டம் கொண்டுவந்தது. தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் கேபிள் நடத்தலாம் என்று அப்போது இருந்தது. சட்டப்படி போட்டிக்குத் தடையே இல்லை. தடை கணக்கில் இருந்தது. 200 வீடு உள்ள ஒரு தெருவில் ஏற்கெனவே ஒருவர் வயர் இழுத்திருக்கிறார். இன்னொருவர் வந்தால் அவரும் அதே அளவு வயர் இழுக்க வேண்டும். ஆனால் கிடைப்பதோ பாதி வீடுதான். இரண்டு பேருக்கும் கட்டாது. அதனால் உனக்கு இந்தத் தெரு, எனக்கு அந்தத் தெரு என்று பிரித்துக்கொள்வதே லாபம்.

கேபிள்காரருக்கும் மேலே ஒருவர் உண்டு. பல சேனல்களை வாங்கி ஒன்றாக்கி அனுப்பும் எம்.எஸ்.ஓ. நிறுவனம். தமிழ்நாட்டில் அதில் பெரிய கை சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன். ஜனங்கள் அதிகம் பார்க்கும் சேனலும், சேனல் வரும் வயரும் ஒரே குழுமத்திடம் இருந்தன. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சென்னைக்கு மட்டும் ஒரு சோதனை

வேண்டிய கட்டண சேனலுக்கு மட்டும் காசு என்ற 'கேஸ்' முறைக்கு 2002-இல் சட்டம் திருத்தினார்கள். 2003 செப்டம்பர் 1-இல் அது நடைமுறைக்கு வந்த ஒரே நகரம் சென்னை. நெல்லை அந்தப் பட்டியலிலேயே இல்லை. நமக்குக் கிடைத்தது வேறு: 2004 ஜனவரியில் டிராய் அமைப்பு, 2003 டிசம்பர் 26-இல் இருந்த கட்டணத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பூட்டுப் போட்டது. விலையைத்தான் பூட்டினார்கள். எந்தச் சேனல் வேண்டும் என்று கேட்கும் உரிமை வரவில்லை.

அரசு இறங்கிய கதை

அடுத்து நடந்தது தமிழ்நாட்டில் மட்டுமே நடக்கக்கூடியது! 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு, எம்.எஸ்.ஓ.க்களை அரசே எடுத்துக்கொள்ள ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. அதே 2006 செப்டம்பரில் கருணாநிதி அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. டிவி இலவசம், ஆனால் கேபிளுக்கு மாதாமாதம் காசு. இதுவரை கேபிளே இல்லாத வீடுகளும் புதிதாகச் சந்தாதாரர் ஆயின.

2007 மே மாதம் மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது. கருணாநிதி, மாறன் குடும்பங்களுக்குள் விரிசல். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் பதிவானது. கட்டுப்பாட்டு அறைகளுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்கள் நான்கு: தஞ்சாவூர், கோயம்புத்தூர், வேலூர், நம்ம திருநெல்வேலி. 2008 டிசம்பரில் குடும்பங்கள் சேர்ந்தன. அரசு கேபிள் படுத்துக்கொண்டது. போட்டி வந்ததும் போனதும் சந்தாதாரருக்காக இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மறுபடி உயிர் வந்தது 2011 செப்டம்பர் 2-இல். முதல்வர் ஜெயலலிதா மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். அதில் 20 கார்ப்பரேஷனுக்கு, மீதி 50 கேபிள்காரருக்கு. நூறும் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. அன்றாடம் பீடி சுற்றிச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு முப்பது ரூபாய் சின்னக் காசா என்ன? ஆனால் தொடக்கத்தில் சன் குழுமக் கட்டண சேனல்கள் அதில் இல்லை, பிறகுதான் சேர்ந்தன. சேனலும் வயரும் ஒரே கையில் என்றேனே, அதன் மறுபக்கம் இது. வயரை மலிவாக்கலாம், ஆனால் வீடு தேடும் சேனல் அதில் வராவிட்டால் அந்த மலிவு பாதி மலிவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செய்தி சேனல் வரும் வயர் அரசிடம் இருக்கலாமா? மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இருக்கக்கூடாது என்று டிராய் 2008-லும் 2012-லும் சொன்னது. 2018-இல் புதிய தலைமுறை சேனல் அரசு கேபிளில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, டிராய் ஏன் அப்படிச் சொன்னது என்று பலருக்கும் புரிந்தது.

மாடியில் முளைத்த தட்டு

தெரு ராஜாங்கத்தை உண்மையில் உடைத்தது டி.டி.எச். தான். 2003-இல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டிடி டைரக்ட், 2006-இல் டாடா ஸ்கை, 2007 டிசம்பரில் சன் டைரக்ட். தட்டுக்குத் தெரு எல்லை கிடையாது. பாளையங்கோட்டையிலும் அது வரும், பாபநாசத்திலும் வரும். கேபிள்காரரிடம் "வயரைக் கழற்றிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லும் தைரியம் முதல் தடவையாக வீட்டுக்காரருக்கு வந்தது. சொல்லக்கூட வேண்டாம், சொல்ல முடியும் என்பது அவருக்குத் தெரிந்தாலே போதும்.

இலவசமாக வந்த சேனல்களில் ஒன்றுக்கு, தாமிரபரணி பிறக்கும் நம்ம பொதிகை மலையின் பேர். 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆகிவிட்டது. இலவசமாக வந்தும் அது ஏன் மற்ற சேனல்களை வெல்லவில்லை? காசு குறைவு என்பதற்காக மட்டும் யாரும் சேனல் பார்ப்பதில்லை என்பதுதான் பதில்.

2019 கணக்கு

கடைசியில் 2019 பிப்ரவரி 1-இல் நாடு முழுக்க 'வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு' வந்தது. 2003-இல் சென்னை பார்த்தது பதினைந்து வருடம் கழித்து நெல்லைக்கு. கணக்கைப் பாருங்கள். முதல் 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 153.40. சன் டிவி 19, கே டிவி 19, விஜய் டிவி 17, ஆக 55, வரியோடு 64.90. மொத்தம் 218.30. மூன்றே மூன்று கட்டண சேனலுக்கு! 70 ரூபாய் கொடுத்த ஊருக்கு எப்படி இருக்கும்?

தனித்தனியாக எடுப்பதைவிட மொத்தப் பேக்கேஜ் மலிவாக இருக்கும்படி கம்பெனிகள் விலை வைத்தன. அதனால் தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமை காகிதத்தில் இருந்தது, ஜனங்கள் பேக்கேஜையே வாங்கினார்கள். டிராயும் இதைக் கண்டு 2020-இலும் 2022-இலும் விதிகளைத் திருத்தியது. 2024-இல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துவிட்டது.

இத்தனை வருடக் கதையில் நான் பார்ப்பது இதுதான். உத்தரவு போட்டு விலையைக் குறைத்தபோதெல்லாம் அந்தக் குறைவு ஆட்சியோடும் உத்தரவோடும் சேர்ந்து மாறியது. வீட்டுக்குள் வர இரண்டாவது வழி ஒன்று திறந்தபோதுதான் கேபிள்காரர் இறங்கி வந்தார். ஆனால் எத்தனை வழி திறந்தாலும், எல்லாரும் பார்க்கும் சேனல் ஒருசிலர் கையில் இருக்கும்வரை முழுத் தேர்வு நமக்கு இல்லை. இப்போது போனில் பார்க்கும் காலம். அங்கேயும் 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியாவில் ஒன்று சேர்ந்துவிட்டன. அடுத்த தடவை யாராவது "மாசம் இவ்வளவுதான், ரொம்ப சீப்" என்றால், விலையைக் கேட்டதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேளுங்கள்: பிடிக்காவிட்டால் நான் வேறு எங்கே போக முடியும்?