பழைய மொழி பேசும் கணிப்பொறிகள்

1976-ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்ச்சிகள் நடந்தன. கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக நீடித்துவந்த ஜாகீர்தார் முறை முடிவுற்று, மலைவாழ் மக்கள் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தனர். அரசு நிருவாகத்திற்குக் கணிப்பொறியைக் கொண்டுவரப் புதுதில்லியில் தேசியத் தகவலியல் மையம் தோன்றியது. பன்னாட்டுத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழு 'எக்ஸ்.25' என்னும் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நெறிமுறை என்றால் என்ன? இரு மனிதர் உரையாட ஒரு பொதுமொழி வேண்டும். அதுபோலவே, இரு கணிப்பொறிகள் செய்தி பரிமாற ஒரு பொது ஒழுங்கு வேண்டும். செய்தியை எந்த அளவில் துண்டாக்குவது, முகவரியை எங்கே எழுதுவது, வழியில் ஒரு துண்டு சிதைந்தால் யார் திரும்ப அனுப்புவது என்பனவற்றை வரையறுப்பதே நெறிமுறை. துண்டாக்கப்பட்ட செய்தியைப் 'பொட்டலம்' என்பர்.

எக்ஸ்.25 பிறந்த காலத்தில் தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் மிகுதி. ஆகவே அது எச்சரிக்கை மிகுந்த நெறிமுறையாக அமைந்தது. பொட்டலம் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்தை அடைந்ததும் அங்கேயே சோதிக்கப்படும். பழுதிருந்தால் மீண்டும் கேட்டு வாங்கப்படும். இணையத்தின் நெறிமுறையான டி.சி.பி./ஐ.பி. இதற்கு மாறானது. பிழையைக் கண்டு திரும்பக் கேட்கும் பொறுப்பை அது இரு முனைகளிலுள்ள கணிப்பொறிகளிடமே விட்டுவிடுகிறது. நடுவிலுள்ள நிலையங்கள் பொட்டலத்தை விரைந்து தள்ளிவிடுவதோடு சரி. கம்பிகள் தரமுயர்ந்தபோது இந்த இரண்டாவது முறையே மலிவாகவும் விரைவாகவும் அமைந்தது.

நம் நாட்டிலும் பல மொழிகள் ஒரே காலத்தில் பேசப்பட்டன. 1980-களின் இறுதியில் தேசியத் தகவலியல் மையம் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தது. அன்று கள்ளக்குறிச்சி, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம். அது தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான 'எர்நெட்' திட்டம் 1986-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. அதன் இணைப்புகளில் டி.சி.பி./ஐ.பி.யும் வேறொரு பன்னாட்டு நெறிமுறைத் தொகுதியும் சேர்ந்தே இயங்கின. தொலைத்தொடர்புத் துறை 1990-களில் நடத்திய 'ஐ-நெட்' என்னும் பொது வலையமைப்போ எக்ஸ்.25 மொழியையே பேசியது. 1995 ஆகஸ்டு 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதன்பின் டி.சி.பி./ஐ.பி. மற்றவற்றை மெல்ல மெல்ல ஓரங்கட்டியது.

பள்ளிகளின் கதை வேறு. 1984-இல் மைய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' கணிப்பொறிகளை அளித்தது. வெறும் 32 கிலோபைட்டு நினைவகம் கொண்ட பொறி அது! அதை உருவாக்கிய ஆங்கில நிறுவனமான ஏகார்ன், வகுப்பறைப் பொறிகளைக் கம்பியால் பிணைக்க 'எக்கோநெட்' என்ற நெறிமுறையையும் வகுத்திருந்தது. அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வரும்.

இப்போது கணிப்பொறியின் உள்ளே செல்வோம். எந்தக் கணிப்பொறியிலும் வன்பொருளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையே நின்று ஆள்வது 'கெர்னல்' எனப்படும் மைய நிரல். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய ஒரு கெர்னலே. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' இயக்க முறைமைக்கும் இதுவே அடிப்படை. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் முறைமையைக் கண்டவர்கள் உங்களில் இருக்கக்கூடும்.

லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. ஆகவே பழைய வலையமைப்புகளோடு பேச விரும்பியவர்கள் அவற்றின் நெறிமுறைகளையும் அதில் சேர்த்தனர். எக்ஸ்.25, எக்கோநெட், அலுவலகங்களில் பரவியிருந்த நோவெல் நிறுவனத்தின் ஐ.பி.எக்ஸ்., டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் எல்லாம் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: இணையத்திற்கு 2, எக்ஸ்.25-க்கு 9, எக்கோநெட்டிற்கு 19.

கெர்னலை உருவாக்குபவர் முன் ஒரு பட்டியல் விரியும். ஒவ்வொரு கூறுக்கும் மூன்று விடைகளில் ஒன்றை அவர் தரலாம். 'ஆம்' என்றால் அது கெர்னலோடு நிலையாக இணையும். 'இல்லை' என்றால் சேராது. மூன்றாவது விடை, 'தனிக்கூறாக இருக்கட்டும்' என்பது. அப்போது அது வட்டில் உறங்கிக்கிடக்கும். ஏதேனும் ஒரு நிரல் அந்த எண்ணைச் சொல்லி அழைத்தால் தானாக எழுந்து நினைவகத்தில் ஏறும். யாருக்கு எது தேவைப்படுமோ என்று எண்ணிய வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் மூன்றாவது விடையையே தேர்ந்தனர்.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. மலையூருக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஒற்றையடிப் பாதையில் நடப்பார் இல்லை. முள் வெட்டுவாரும் இல்லை. ஆனால் பாதை ஊருக்குள்தான் வந்து சேர்கிறது. அவ்வழியே யார் வந்தாலும் தெரியாது அல்லவா? 2010-இல் எக்கோநெட் நிரலில் பிழைகள் வெளிப்பட்டன. 19 என்ற எண்ணைச் சொல்லி அழைத்தாலே போதும். எக்கோநெட் கம்பியையே கண்டிராத பொறியிலும் அந்தத் தனிக்கூறு எழுந்துகொண்டது. அதன் பிழைகளை மற்றொரு பிழையோடு கோத்து, சாதாரணப் பயனர் ஒருவர் பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது!

உபுண்டு வெளியீட்டாளர்கள் அருகிய நெறிமுறைகளைத் தானாக எழவிடாதபடி ஒரு தடைப்பட்டியலில் சேர்த்தனர். பின்னர் லினக்ஸின் மூலநிரலிலிருந்தே நீக்கம் தொடங்கியது. 2012-இல் எக்கோநெட், 2018-இல் ஐ.பி.எக்ஸ்., 2022-இல் டெக்நெட் என ஒவ்வொன்றாக விடைபெற்றன. வெளியுலகிலும் அதே கதைதான். பிரான்சில் எக்ஸ்.25 வலையமைப்பின்மீது வளர்ந்து, இலட்சக்கணக்கான வீடுகளை எட்டிய 'மினிட்டெல்' சேவை 2012 ஜூன் 30-இல் நின்றது.

அப்படியானால் பழையன எல்லாம் குப்பையா? அன்று. ஓர் ஆலையின் கட்டுப்பாட்டுப் பொறியோ ஓர் அலுவலகத்தின் பழைய ஏடோ பழைய நெறிமுறையை மட்டுமே அறிந்திருக்கலாம். அந்த மொழி அறிந்த கெர்னல் இல்லையென்றால் அதிலுள்ள செய்தி பூட்டிய பெட்டிதான். நல்ல வேளையாக, லினக்ஸின் பழைய பதிப்புகள் அழிக்கப்படவில்லை. அவற்றுள் ஒன்றைத் தனித்த பொறியொன்றில் நிறுவி, இணையத்தோடு இணைக்காமல், பழைய பெட்டியைத் திறக்கலாம். அன்றாடப் பொறியில் பயனற்றதை நீக்குவது பாதுகாப்பு. அதன் படியை ஓரிடத்தில் காப்பது வரலாற்றுக் கடமை. இரண்டும் முரணானவை அல்ல.

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி உங்களுக்குக் கிடைத்தால், 'எல்எஸ்மாட்' என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். அந்நேரம் விழித்திருக்கும் தனிக்கூறுகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றும் எதற்காக விழித்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.