டமாஸ்கஸ் குழலும் நம்ம ஊர் உருக்கும்

ஆவடி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டாங்கிதான். முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. பீரங்கிக் குழலுக்குப் பேர்போன ஊரிலிருந்து நான் இன்று எழுதுவது மிகச் சிறிய ஒரு குழலைப் பற்றி: கொள்ளுத்தாத்தா காலத்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி.

19-ஆம் நூற்றாண்டுக் குழல்கள் பலவற்றில் சுருள் சுருளாகக் கோடுகள் தெரியும். "டமாஸ்கஸ் குழல்" என்பார்கள். டமாஸ்கஸ் வாள் நம் உருக்கில் செய்தது, ஆகவே இந்தக் குழலும் நம் உருக்குதான் என்று பெருமைப்படுபவர்கள் உண்டு.

பாதிதான் உண்மை. மேற்காசிய வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து உருக்குக் கட்டிகள் போயின. மைக்கேல் ஃபாரடேகூட அந்த உருக்கை ஆராய்ந்திருக்கிறார். வாளின் கோடுகள் உருக்கு உறைந்து, அடிபடும்போது தானே உண்டானவை. துப்பாக்கிக் குழல் கதை வேறு. பெல்ஜியத்தின் லியேஜ், இங்கிலாந்தின் பர்மிங்காம் கொல்லர்கள் இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். பெயர் மட்டும்தான் ஒன்று.

அதாவது குழல் முழுக்க ஒட்டுதான்! கரிமருந்து எரிந்தபின் உள்ளே உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? துரு பிடித்து, ஒட்டு வழியே உள்ளே இறங்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் சுட்டு முடித்ததும் வெந்நீரால் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகே எண்ணெய் பூசினார்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. உப்புத்தாளால் தேய்த்தாலோ குழலின் சுவர் மெலியும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து பரவியது. கரிமருந்துக்கென்று செய்த குழலில் அதைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம், விரல்கள் போகலாம். பர்மிங்காமில் 1813-லேயே குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் கூடம் அமைந்தது. ஆனால் முத்திரை அன்றைய குழலுக்குத்தான் சான்று. நூறு வருடத் துருவுக்கு அல்ல.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து சுட்டுப் பார்க்காதீர்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லையென்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

நம் உருக்கின் பெருமைக்குக் கொடுமணலில் தோண்டி எடுத்த உலைகளே போதும். லியேஜ் கொல்லரின் உழைப்பை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.