கடலுக்குப் போன சிறுவர்கள்

ஜார்ஜ் க்ராப் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1810-ல் வெளியிட்ட கவிதை நூலில் பீட்டர் கிரைம்ஸ் என்றொரு மீனவன் வருகிறான். ஏழை விடுதியிலிருந்து ஒரு சிறுவனை வேலைக்கு அழைத்து வருகிறான், பட்டினி போடுகிறான், அடிக்கிறான். பையன் செத்துப் போகிறான். பிறகு இன்னொருவன் வருகிறான். அவனுக்குப் பின் மூன்றாமவன். அக்கம்பக்கத்தார் காதில் அழுகுரல் விழாமல் இல்லை. கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். 1945-ல் பெஞ்சமின் பிரிட்டன் இதை இசை நாடகமாக்கியபோது கிரைம்ஸின் மீதே நமக்கு இரக்கம் பிறக்கும்படி செய்துவிட்டார். கலைஞருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் என் மனம் என்னவோ அந்த மூன்று பையன்களிடமே நிற்கிறது.

ஏனென்றால் அவர்கள் வெறும் கற்பனை அல்ல. வடகடல் ஓரத்துக் கிரிம்ஸ்பிக்கு 1848-ல் ரயில் வந்தது. மீன் தொலைதூர நகரங்களுக்கும் விரைவாகப் போய்ச் சேர்ந்தது. படகுகள் பெருகின; ஆட்கள் போதவில்லை. ஏழை விடுதிகளிலோ தாய் தகப்பனற்ற பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். விடுதிக்குச் சோற்றுச் செலவு மிச்சம், படகுக்காரருக்குக் கூலி மிச்சம். 'தொழில் பழகுபவன்' என்று ஒரு பத்திரம் எழுதி, இருபத்தொரு வயது வரை பையனைக் கட்டிப்போட்டார்கள். 1870-களில் கிரிம்ஸ்பியில் மட்டும் இத்தகைய பையன்கள் ஆயிரத்துக்கு மேல்.

ஐந்து பேர் போகும் பாய்மரப் படகில் பாதிக்கு மேல் இவர்களாகவே இருப்பதுண்டு. நள்ளிரவில் எழுந்து வலை இழுக்க வேண்டும். விறைத்த விரல்களால் மீனைக் கீறிக் குடல் எடுக்க வேண்டும். சமையலும் அவர்கள் தலையில்தான். எல்லாவற்றிலும் கொடியது, கொந்தளிக்கும் கடலில் சிறு தோணியேறி மீன் பெட்டிகளை இன்னொரு கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதில் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை வேலை வாங்கக் கூடாதென்று 1833-லேயே பார்லிமெண்ட் தடுத்தது. வயற்காட்டுக் கூலிக் கூட்டங்களில் எட்டு வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாதென்று சொல்ல 1867 வரை ஆயிற்று. ஆலைக்குள் இன்ஸ்பெக்டர் நுழையலாம். நடுக்கடலுக்கு யார் போவது? மீன்பிடிப் பையனைச் சட்டம் அறிந்ததெல்லாம் ஓடிப்போனவன் என்றுதான். பிடித்து லிங்கன் சிறையில் போட்டார்கள். கடலுக்குத் திரும்புவதைவிடச் சிறையே மேல் என்றிருந்தவர்களும் உண்டு. ஓடியவனைப் பிடியாணையின்றிப் பிடிக்கும் அதிகாரத்தை 1880-ல் ஒரு சட்டம் நீக்கியது. உடனே பையன்கள் கூட்டங் கூட்டமாக நழுவினார்கள். முதலாளிகளுக்கு ஒரே புலம்பல்!

1882-ல் ஹல் துறைமுகத்துப் படகொன்றில் வில்லியம் பாப்பர் என்ற பதினாலு வயதுப் பையன் கடலில் விழுந்து இறந்ததாகப் படகுத் தலைவன் ஆஸ்மண்ட் பிராண்ட் அறிவித்தான். பிறகு உடனிருந்தவர்கள் வாய் திறந்தார்கள். நாட்கணக்கில் சித்திரவதை செய்து கொன்றிருக்கிறான்! அதே ஆண்டில் பிராண்ட் லீட்ஸில் தூக்கிலிடப்பட்டான். அடுத்த ஆண்டு, 1883-ல், மீன்பிடிப் படகுகளுக்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. பையன்களின் பத்திரங்கள் சர்க்கார் அதிகாரியின் கண்ணில் பட்டாக வேண்டுமென்று ஆயிற்று.

அதே காலத்தில் நீராவிப் படகுகளும் வரத் தொடங்கின. அவற்றை ஓட்டச் சம்பளம் வாங்கும் பெரியவர்கள் வேண்டியிருந்தது. கிரிம்ஸ்பிக்கு வரும் பையன்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள்.