சீனன்கோட்டை நளீம் ஹாஜியாரும் எங்கள் ஊர் மாணிக்கக் குழிகளும்



தரம் ஒன்பதில் ஒரு வாங்கு இரண்டு கிழமையாகக் காலியாகக் கிடக்கிறது. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். "கல்குழிக்குப் போறான் சேர், ஒரு நல்ல கல் பட்டா எல்லாம் சரியாகிடும்" என்றார் தாய். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. றக்வானையில் இந்த வார்த்தையைக் கேட்காத வீடு எது? மூன்று தலைமுறையாக இதே பேச்சுத்தான். கல் பட்டவர்களும் இருக்கிறார்கள். பட்ட காசு எங்கே போனது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

அன்று இரவு நமக்கு மர்ஹூம் எம்.ஐ.எம். நளீம் ஹாஜியாரின் ஞாபகம் வந்தது. அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல, பேருவளை சீனன்கோட்டைக்காரர். ஆனாலும் எங்களுக்கு அந்நியரும் அல்ல. இரத்தினபுரி மாவட்டத்து மண்ணிலிருந்து எடுக்கும் கல்லுக்கும் சீனன்கோட்டை வியாபாரிகளுக்கும் உள்ள உறவு பழையது. இங்கே இல்லம மண்ணைக் கழுவித் தட்டில் எடுக்கும் கல், அங்கே பட்டை தீட்டப்பட்டு, விலை பேசப்பட்டுக் கடல் தாண்டுகிறது.

1933இல் வசதியில்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப்படிப்பு சிறு வயதிலேயே நின்றுவிட்டது. அதாவது, தரம் ஒன்பதில் காலியாகக் கிடக்கும் அந்த வாங்கு அவருடைய வாங்கும்தான். பிழைப்புக்காகக் கல் வியாபாரத்துக்குள் வந்தார். கல்லைப் பார்க்கும் கண், பேச்சில் நாணயம், இந்த இரண்டையும் முதலாக வைத்து நாட்டின் முன்னணி மாணிக்க வியாபாரிகளில் ஒருவரானார்.

அது வளர்வதற்கு ஏற்ற காலமும் வந்தது. 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. வெளிநாட்டுச் செலாவணிக்கு நாடே தவித்த நேரம். கல் ஏற்றுமதி செய்தவர்கள் உழைத்த செலாவணியில் ஒரு பங்கைத் தாமே வைத்துக்கொள்ள அரசாங்கம் இடம் கொடுத்தது. அதுவரை கள்ளத்தனமாகப் போன கல் வெளிச்சத்துக்கு வந்தது. பலர் செல்வந்தரானார்கள்.

இனி 1973ஐ நினைத்துப் பாருங்கள். பாணுக்கு வரிசை, அரிசிக்குத் தட்டுப்பாடு, மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு. தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்த காலம் அது. நம் ஊர் லயங்களில் அந்த வருடங்களைக் கண்ட மூத்தவர்கள் அதைப் பற்றி இன்றும் அதிகம் பேசமாட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில்தான் ஹாஜியார் சீனன்கோட்டையில் ஜாமிஆ நளீமிய்யாவைத் தொடங்கினார். பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதை விட்டுவிட்டுக் கட்டடம் கட்டினாரா என்று யாராவது கேட்கலாம். அவர் இரண்டையும் செய்தார். கேட்டு வந்தவருக்குக் கையில் கொடுப்பது அவருக்குப் பழக்கமான ஒன்று. ஆனால் கையில் கொடுப்பது அன்றைக்கே தீர்ந்துவிடும் என்பதை, கல் காசு எப்படித் தீரும் என்று பார்த்த ஒரு வியாபாரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இந்த நாட்டில் அதற்கு முன்பும் மத்ரஸாக்கள் இருந்தன. வெலிகம பாரி 1884இலேயே தொடங்கிவிட்டது. ஆலிம்கள் ஒரு பாதையிலும் பட்டதாரிகள் வேறு பாதையிலும் போனார்கள். சந்தித்துக்கொண்டாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. நளீமிய்யா இந்த இரண்டு பாதைகளையும் ஒரே முற்றத்தில் சேர்த்தது. சாதாரண தரம் முடித்த பிள்ளைகளை எடுத்து, ஏழு வருடம் வைத்து, குர்ஆன், ஹதீஸ், பிக்ஹோடு நவீன பாடங்களையும் கொடுத்துப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் தோற்றவைத்தது. மார்க்கம் படிக்க வந்தவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இன்று நாட்டின் எத்தனையோ பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அரச அலுவலகங்களிலும் பெயருக்குப் பின்னால் "நளீமி" என்று போட்டிருப்பவர்களைப் பார்க்கிறோம். அவர்களைப் பார்த்தும் கேட்கிறார்கள் என்றால் நாம் என்ன சொல்ல!

எங்களை அதிகம் யோசிக்கவைப்பது வேறொரு விஷயம். காசு கொடுப்பவருக்கு நம் ஊர்களில் எல்லாம் தெரிந்திருக்கும்! பள்ளிவாசலின் மினாராவுக்கு என்ன நிறம் பூசுவது என்பதிலிருந்து பாடசாலையில் யாருக்குப் பரிசு கொடுப்பது என்பது வரை அவரே தீர்மானிப்பார். ஹாஜியார் அப்படி இருக்கவில்லை. தனக்குப் படிப்பு இல்லை என்பதை மறைக்காமல், படித்தவர்களைத் தேடிக் கொண்டுவந்து, கல்வியை அவர்கள் கையில் ஒப்படைத்தார். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்ற எம்.ஏ.எம். சுக்ரி அவர்கள் நீண்டகாலம் அதன் பணிப்பாளராக இருந்தார், 2020இல் வபாத்தாகும்வரை அந்த நிறுவனத்தோடேயே வாழ்ந்தார். அங்கிருந்து வந்த "இஸ்லாமிய சிந்தனை" சஞ்சிகையின் பழைய இதழ்கள் யார் வீட்டு அலுமாரியிலாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தத் தமிழும் அந்தத் தேடலும் ஒரு கல் வியாபாரியின் காசில் வளர்ந்தவை.

இஸ்லாமிய மறுமலர்ச்சி இயக்கம், தொழில் கற்க இக்ரஃ தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகம் போன ஏழைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் என்று அவர் கை போன இடங்கள் இன்னும் உண்டு.

அவரும் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன்தான். வாரிசுகளுக்கு என்று பூட்டிவைத்திருக்கலாம். பூட்டவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பொறுப்பையும் சேர்த்தே விட்டுப்போனார், அவர்களும் அதைத் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். 2005இல் ஹாஜியார் வபாத்தானபோது நாம் பாடசாலை மாணவர்கள். வீட்டில் பெரியவர்கள் "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தது மட்டும் ஞாபகம். அல்லாஹ் அவருக்கு ஜன்னதுல் பிர்தௌஸை வழங்குவானாக.

அந்தப் பையனின் வாப்பாவை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சந்திக்கப் போகிறோம். சாதாரண தரம் முடியும்வரையாவது பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்போம். கொப்பி, சப்பாத்துச் செலவை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லியிருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் வெளியே வராது.

இன்னொன்று. ஹாஜியாரோடு கல் வியாபாரம் செய்த, அவரை நேரில் கண்ட மூத்தவர்கள் றக்வானை, கொடகவெல, பெல்மதுளைப் பக்கம் யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.