வொயிட் ரயட்: ஒரு பங்க் ராக் பாடலின் பொருள்

வொயிட் ரயட் என்பது இங்கிலாந்தின் பங்க் ராக் இசைக்குழுவான தி கிளாஷ் 1977 மார்ச்சில் வெளியிட்ட முதல் தனிப்பாடல் ஆகும். இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக ஒலிக்கும் இப்பாடலின் தலைப்புக்கு ‘வெள்ளையர் கலகம்’ என்பது பொருள். தலைப்பை மட்டும் கேட்ட சிலர் இதை வெள்ளை இனவெறிப் பாடல் என்றே கருதினர். பாடல் பிறந்த சூழலை அறிந்தால், அதன் பொருள் நேர்மாறானது என்பது விளங்கும்.

பின்னணி

மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில், கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் தெருத் திருவிழா நடத்தி வந்தனர். அக்காலத்தில், 1824ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பிரிவு, குற்றம் செய்யக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரைக் கைதுசெய்யக் காவலர்களுக்கு இடமளித்தது. இதனால் பெரிதும் அல்லலுற்றோர் கறுப்பின இளைஞர்கள். இப்பிரிவு 1981இல்தான் நீக்கப்பட்டது.

1976ஆம் ஆண்டுத் திருவிழாவுக்குச் சுமார் 3,000 காவலர்கள் அனுப்பப்பட்டனர். ஆகஸ்ட் 30 அன்று, பிக்பாக்கெட் அடித்ததாக ஒருவரைப் பிடிக்க முயன்றபோது எழுந்த மோதல் பெருங்கலவரமாக மூண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்கள் காயமுற்றனர். தி கிளாஷ் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் பேஸ் கிதார் கலைஞர் பால் சிமனனும் அன்று அங்கிருந்தனர். அந்த அனுபவமே பாடலாயிற்று.

பாடல் சொல்வது

கறுப்பின மக்கள் தமக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்த்துத் தெருவில் நிற்கத் துணிந்தனர்; வெள்ளையின இளைஞர்களோ சொன்னதைச் செய்து அடங்கிக் கிடக்கின்றனர் என்பதே பாடலின் குற்றச்சாட்டு. பள்ளிக்கூடம் அறிவை மழுங்கச் செய்கிறது என்றும், அதிகாரம் அதை விலைக்கு வாங்க வல்ல பணக்காரர் கையில் இருக்கிறது என்றும் அது சாடுகிறது. எனவே தலைப்பு கறுப்பின மக்களுக்கு எதிரான அறைகூவல் அன்று. அவர்களைப் பார்த்து வெள்ளையரும் தமக்கான உரிமைக்கு எழ வேண்டும் என்ற அழைப்பு அது.

பொருளை உறுதிசெய்த மேடை

தீவிர வலதுசாரிக் கட்சியான நேஷனல் ஃபிரண்ட் அப்போது பிரிட்டனில் வளர்ந்து வந்தது. அதை எதிர்த்து ‘இனவெறிக்கு எதிரான ராக்’ என்ற இயக்கம் 1976இல் தோன்றியது. 1978 ஏப்ரல் 30 அன்று கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவில் அவ்வியக்கம் நடத்திய பெருவிழாவில், ஸ்டீல் பல்ஸ் என்ற ரெக்கே குழு பாடிய அதே மேடையில் தி கிளாஷ் இப்பாடலைப் பாடியது. ஷாம் 69 குழுவின் ஜிம்மி பர்சியும் உடன் பாடினார். அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் நேஷனல் ஃபிரண்ட் ஆதரவாளர்களாக இருந்ததால், அவர் அங்கு நின்றதே ஒரு நிலைப்பாடாக அமைந்தது.

தலைப்பு இடம்தந்த ஐயத்துக்கு, பாடலை யாருடன், எதற்காகப் பாடினார்கள் என்பதே விடையாயிற்று.