பழைய இரும்பு குப்பையல்ல, மண்ணின் வளம்

ஜொகூர், பத்து பகாட் மாவட்டத்தின் ஸ்ரீ மேடானில் 1921ஆம் ஆண்டு இஷிஹாரா எனும் ஜப்பானிய நிறுவனம் இரும்புத்தாதுச் சுரங்கத்தைத் தொடங்கியது. வெட்டிய தாது கப்பலேறி ஜப்பானின் உருக்காலைகளுக்குச் சென்றது. இதே மாநிலத்தின் தெலுக் ரமுனியாவில் அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் தோண்டப்பட்டது. தோண்டிய தாது மீண்டும் விளையாது. ஆனால், அதிலிருந்து கிடைத்த உலோகத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம்.

ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.4 டன் இரும்புத்தாது, 740 கிலோ நிலக்கரி, 120 கிலோ சுண்ணாம்புக்கல் மிச்சமாகும் என்பது உலக எஃகு சங்கத்தின் கணக்கு. ஒரு டன் அலுமினியத்திற்கு ஏறக்குறைய 4 டன் பாக்சைட் தேவை. பழைய அலுமினிய டின்களை உருக்க, புதிதாகத் தயாரிக்கும் சக்தியில் சுமார் 5 விழுக்காடு போதும். பாக்சைட் தோண்டலால் குவாந்தானில் சாலைகளும் ஆறுகளும் சிவந்து, 2016 ஜனவரியில் அரசாங்கம் அதை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

ஜொகூரில் 672ஆம் சட்டத்தின் கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். உலோகப் பொருள்களை உணவுக் கழிவோடு கலக்கக் கூடாது. கவனிக்க வேண்டியவை:

* காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாத செம்பு, பித்தளை, அலுமினியத்தைத் தனித்தனியே வைத்தால் கூடுதல் விலை கிடைக்கும்.

* டின்களைக் கழுவி, காயவைத்து, மழை படாத இடத்தில் வைக்கவும். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும்.

* செம்புக்காக மின்கம்பியை எரிக்கக் கூடாது. மேலுறை எரியும் புகை நச்சுத்தன்மை கொண்டது. உறையோடு விற்பதே நல்லது.

* கார் பேட்டரியை உடைக்கக் கூடாது. அதிலுள்ள ஈயமும் அமிலமும் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும்.

* பழைய தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி ஆகியவற்றைச் சுற்றுச்சூழல் இலாகா அங்கீகரித்த மின்னியல் கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம்.

பழைய இரும்பு வாங்கும் வியாபாரிகள் 1946ஆம் ஆண்டு பழைய பொருள் வியாபாரிகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். யாரிடம் என்ன வாங்கினார்கள் என்பதையும் பதிந்து வைக்க வேண்டும். சாக்கடை மூடியும் மின்கம்பியும் திருடுபோகும் காலத்தில் இப்பதிவு முக்கியமானது. உரிமம் உள்ளவரிடம் விற்று, எடையைக் கண்ணெதிரே சரிபார்த்து, ரசீது வாங்கிக்கொள்வது விற்பவருக்கும் பாதுகாப்பு. லோரி எப்போதாவது மட்டுமே வரும் தோட்டங்களில், சில குடும்பங்கள் சேர்ந்து ஓரிடத்தில் சேகரித்து மொத்தமாக விற்றால் எடையும் கூடும், அலைச்சலும் குறையும்.