கொசுறில் ஜெயித்த சவுண்ட் கார்டு

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது அதற்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மெஷின் ஒழுங்காக எழுந்துவிட்டால் ஒரு பீப், ஏதாவது கோளாறு என்றால் இன்னும் சில பீப், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அதை ஓட்டியது இன்டெல் 8253 என்ற டைமர் சிப். மின்சாரத்தை விடு, நிறுத்து என்ற இரண்டு நிலைகள்தான் அதற்குத் தெரியும். விநாடிக்கு எத்தனை முறை என்பதை மாற்றினால் சுருதி மாறும். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம். விளையாட்டு எழுதுகிறவர்கள் மூன்று ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, சேர்ந்து ஒலிப்பதுபோலக் காதை ஏமாற்றிப் பார்த்தார்கள். கேட்கப் பூச்சி ரீங்காரம்போல இருக்கும்.

அடுத்த ஆண்டே வந்த கமடோர் 64, விலையில் பிசியின் பாதிகூட இல்லை. ஆனால் அதில் மூன்று குரலில் பாடும் தனி சிப் இருந்தது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் செய்த பிசி பாட வேண்டும் என்று ஐபிஎம்மில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த அலட்சியத்தில்தான் சவுண்ட் கார்டு என்ற பொருளுக்கு இடம் கிடைத்தது.

முதலில் அந்த இடத்தைப் பிடித்தது கனடா. கியூபெக் நகரத்தின் லவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல், ஆட்லிப் என்ற கம்பெனியைத் தொடங்கி 1987இல் ஒரு கார்டு கொண்டுவந்தார். அதன் உயிர் யமஹாவின் ஒய்எம்3812 சிப். ஒரு அலையைக்கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டிவைத்தால் மணி, எக்காளம் எனப் பலவிதமான நாதங்கள் பிறக்கும் என்று 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்திருந்தார். அந்த முறையை உரிமம் வாங்கி யமஹா கீபோர்டுகளில் போட்டுப் பெரும் பணம் பார்த்தது. அதன் மலிவு வடிவம்தான் இந்த சிப். ஒரே நேரத்தில் ஒன்பது குரல். 1988இல் சியரா கம்பெனி ‘கிங்ஸ் குவெஸ்ட் 4’ விளையாட்டை இந்தக் கார்டுக்கு ஏற்ற இசையோடு வெளியிட்டதும் ஆட்லிப் விற்கத் தொடங்கியது.

இதற்கிடையில் சிங்கப்பூரில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஹார்மோனிகா வாசிப்பவரான சிம் வோங் ஹூவும், நீ ஆன் பாலிடெக்னிக்கில் அவரோடு படித்த இங் காய் வாவும் 1981 ஜூலையில் கிரியேட்டிவ் டெக்னாலஜியை ஆரம்பித்தார்கள். பெயர்தான் பெரிது. உண்மையில் அது சைனாடவுனில், பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சின்னக் கடை. ரிப்பேர் பார்த்த காசில் சொந்தமாகக் கம்ப்யூட்டரே செய்தார்கள். சீன எழுத்து காட்டும், பேசும், பாடும் கியூபிக் சிடி 1986இல் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. தோற்ற கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை மட்டும் பிய்த்தெடுத்து ஒரு கார்டில் ஏற்றினார்கள். அது கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம். பிலிப்ஸின் சிப் இரண்டு, மொத்தம் பன்னிரண்டு குரல். சிப் யாருடையது என்று தெரியாதபடி மேலே தங்கள் ஸ்டிக்கரையும் ஒட்டினார்கள். அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் ‘கேம் பிளாஸ்டர்’ என்ற பெயரில் அது விற்பனைக்குப் போனது. குரல்களின் எண்ணிக்கையில் ஆட்லிப்பை மிஞ்சினாலும் நாதத்தில் எட்டவில்லை. ஆதரித்த விளையாட்டுகளும் கொஞ்சம்.

சிம் வோங் ஹூ அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரில் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல அநேகமாக எதுவும் கிடையாது. ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சிப்பை வாங்கிப் பொருத்தினார்கள். கடையில் கிடைக்கும் சிப். ஆட்லிப்பால் தடுக்க முடியவில்லை. அதனால் ஆட்லிப்புக்கு எழுதிய விளையாட்டெல்லாம் இதிலும் அப்படியே பாடியது. அதற்கு மேல், பேரம் முடிந்த பிறகு கறிவேப்பிலையை அள்ளிப் போடும் காய்கறிக்காரம்மாபோல அவர் இரண்டு கொசுறு போட்டார்.

ஒன்று, ஜாய்ஸ்டிக் செருகும் பதினைந்து பின் போர்ட். அதுவரை பெரும்பாலும் அதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும், பிசிக்குள் இருக்கும் சொற்ப ஸ்லாட்டுகளில் ஒன்றையும் அதற்குக் கொடுக்க வேண்டும். இரண்டு செலவும் மிச்சம். இன்னொன்று, பதிவு செய்த ஒலியை அப்படியே ஒலிக்கவிடும் வசதி. 8 பிட், மோனோ, விநாடிக்குச் சுமார் 23,000 மாதிரிகள்வரை. ஏஎம் ரேடியோ அளவுத் தரம். இதைச் செய்த சிப்புக்கு டிஎஸ்பி (டிஜிட்டல் சவுண்ட் பிராசஸர்) என்று கம்பீரமாகப் பெயர் வைத்தார்கள். உள்ளே இருந்தது எங்கும் கிடைக்கும் இன்டெல் 8051 குடும்பத்து மைக்ரோகண்ட்ரோலர்தான். பெட்டிமேல் பெரிதாக எழுதும் வழக்கம் இந்தத் தொழிலில் இன்று நேற்று வந்ததல்ல. ஆனால் இந்த இரண்டாவது கொசுறுதான் ஆட்லிப்பைச் சாய்த்தது. யமஹா சிப் பாடும், பேசாது. 1992இல் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ விளையாட்டில் காவலாளி ஜெர்மன் மொழியில் கத்திக்கொண்டு ஓடிவந்தது சவுண்ட் பிளாஸ்டர் வைத்திருந்தவர்களுக்குக் கேட்டது, ஆட்லிப் மட்டும் வைத்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அதே ஆண்டு ஆட்லிப் திவாலானது; கிரியேட்டிவ், அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் ஏறிய முதல் சிங்கப்பூர் கம்பெனியானது.

அந்தக் காலத்து வாங்குபவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கார்டைச் செருகினால் மட்டும் சத்தம் வராது. விளையாட்டின் செட்டப் திரை வரிசையாகக் கேள்வி கேட்கும்: போர்ட் முகவரி என்ன? 220. ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் வழியின் எண்) என்ன? ஆரம்ப கார்டுகளில் 7. ஆனால் பிரிண்டரும் அதே 7ஐத்தான் பயன்படுத்தும். ஆகவே கேபினெட்டைத் திறந்து, கார்டின் மேல் அரிசி அளவில் இருக்கும் பிளாஸ்டிக் ஜம்பரைக் கழற்றி 5 என்று போட்டிருக்கும் பின்களில் மாட்ட வேண்டும். டிஎம்ஏ (நினைவகத்திலிருந்து ஒலியை நேராக எடுக்கும் வழி) 1. இதில் ஒன்று தவறினாலும் விளையாட்டு ஊமையாக ஓடும், அல்லது முதல் துப்பாக்கிச் சத்தத்தோடு உறைந்துபோகும்.

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியது. முப்பரிமாண ஒலியில் கிரியேட்டிவைவிட நன்றாகச் செய்த ஆரியல் என்ற கம்பெனிமேல் கிரியேட்டிவ் வழக்குப் போட்டது. ஆரியல் ஜெயித்தது; வழக்குச் செலவில் நொடித்து, 2000இல் கிரியேட்டிவிடமே போய்ச் சேர்ந்தது. எனக்கு இது நல்ல அத்தியாயமாகப் படவில்லை. கிரியேட்டிவுக்கும் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1997இல் இன்டெல் ஏசி’97 என்ற வரையறையை வெளியிட, மதர்போர்டிலேயே ஒரு சிறிய ஒலி சிப் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. இலவசம். கொசுறில் ஜெயித்த பொருளைக் கொசுறே விழுங்கியது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, பெரும்பாலான விளையாட்டுகள் நேராகக் கார்டோடு பேசிய வழியையும் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது.

அப்படியானால் ஹெட்செட் வாங்கியவர்கள் ஏன் மறுபடியும் சவுண்ட் கார்டு தேடுகிறார்கள்? பெரும்பாலும் இரைச்சலுக்காக. கேபினெட்டின் முன்பக்க ஓட்டைக்கு மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கிராபிக்ஸ் கார்டையும் பவர் சப்ளையையும் உரசிக்கொண்டு போகும். மவுஸை நகர்த்தினால் காதில் ‘கிர்ர்’ என்று கேட்பது அதனால். முதலில் செலவில்லாத வைத்தியம்: பின்பக்க ஓட்டையில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஒலியாக மாற்றும் வேலையையே பெட்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

அதற்கான வழி 1998இலேயே திறந்துவிட்டது. யுஎஸ்பி ஆடியோவுக்குப் பொது வரையறை வந்தது. டிரைவர் தேடாமல் செருகினால் பாடும். 2016இல் ஐபோன் 7 ஹெட்ஃபோன் ஓட்டையை எடுத்துவிட, மற்ற போன்களும் பின்தொடர, ஒயர் நுனியிலேயே முழு சவுண்ட் கார்டும் அடங்கிய அடாப்டர்கள் குவிந்தன. 2018இல் ஆப்பிள் வெளியிட்ட யுஎஸ்பி-சி அடாப்டர் அப்போது அமெரிக்காவில் 9 டாலர். மைக் வழியும் உண்டு.

இவ்வளவு சின்னது போதுமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமிங் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 32 ஓம் அக்கம்பக்கம். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தச் சத்தத்துக்கு 0.18 வோல்ட் போதும். ஆப்பிள் அடாப்டர் சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி. 1 வோல்ட்டில் 115 டெசிபெல் வரும், காது கெட்டுப்போகும் அளவு. ஆம்ப்ளிஃபையருக்கு இங்கே வேலையே இல்லை. பேயர்டைனமிக் டிடி 990இன் 250 ஓம் வகை, சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள்தான் ஆம்ப் பற்றி யோசிக்க வேண்டும்.

யுஎஸ்பி முனையோ வயர்லெஸ்ஸோ உள்ள ஹெட்செட் என்றால் காசைச் செலவழிக்கவே வேண்டாம். அதற்குள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கிறது. வெளியே வாங்குவது அதைத் தொடக்கூட முடியாது. ‘7.1’ என்று எழுதியதற்கும் கூடுதல் பணம் தேவையில்லை. ஹெட்செட்டில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்தான் பெரும்பாலும். திசை காட்டும் கணக்கை 2017 முதல் விண்டோஸே இலவசமாகச் செய்கிறது, கவுண்டர் ஸ்டிரைக்கிலும் வாலரண்டிலும் விளையாட்டுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது.

பார்க்க வேண்டியது மைக்கை. பாட்டு கேட்பவர்களுக்காகச் செய்த ஆம்ப்களில் பலவற்றுக்கு மைக் வழியே கிடையாது. ஹெட்செட் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால், நான்கு தொடர்புள்ள ஓட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு தனித்தனி ஓட்டை இருக்கும் கார்டுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஒய் கேபிள் வேண்டும், மலிவாகவே கிடைக்கும். இதைக் கவனிக்காமல் வாங்கினால் டிஸ்கார்டில் எல்லாரும் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும், நீங்கள் பேசுவது ஒருவருக்கும் கேட்காது.